துரைக்குக் கொண்டுபோன எலுமிச்சம்பழம்

சீமைக்குப் போய் வந்தவன் என்று என்னை இன்றைக்கும் கை நீட்டிக் காட்டுகிறவர்கள் திருநெல்வேலியில் இருக்கிறார்கள். கல்யாண வீட்டில் பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் யாராவது ஒருவர் என் பக்கம் திரும்பி, "அங்கன எல்லாம் எப்படி வே?" என்று ஆரம்பிப்பார். அவருக்கு வேண்டியது அரண்மனையும் ராஜாவும். நான் பார்த்ததோ மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டி, மழையில் நனைந்த டிராம் வண்டி, மீன் நாற்றம் அடிக்கும் படகுத்துறை. அதைச் சொன்னால் நான் எதையோ ஒளிக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒளிக்கிறேன்தான். ஆனால் அவர்கள் நினைக்கிற சங்கதியை அல்ல.

ஜெர்மன்காரனோடு பெரிய சண்டை தொடங்குவதற்கு மூன்று நாலு வருஷம் முந்தி நான் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். எஃப்.ஏ. பரீட்சையில் இரண்டு தடவை தவறியவன். ஆனால் இங்கிலீஷ் மட்டும் வாய் ஓயாமல் பேசுவேன். அதனால் பாஸ் செய்தவர்களைவிட நான் உசத்தி என்று எனக்கே ஒரு எண்ணம். எங்கள் கட்சிக்காரர்களில் ஒரு பண்ணையார் இருந்தார். தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்தில் இரண்டு போகம் விளைகிற நிலம், நெற்றி நிறைய விபூதி, எதிரே வருகிறவன் தோளில் துண்டு இருக்கிறதா இடுப்பில் இருக்கிறதா என்று பார்க்கிற கண். அவருக்கும் அவருடைய தம்பிக்கும் வழக்கு. நிலத்துக்கு அல்ல. ஊர்க் கோயில் தேரோட்டத்தன்று முதல் பரிவட்டத்தை யார் தலையில் கட்டுவது, தேர் வடத்தை முதலில் யார் தொடுவது என்பதற்கு.

முன்சீப் கோர்ட்டில் அண்ணன் ஜெயித்தார். ஜில்லா கோர்ட்டில் தம்பி ஜெயித்தார். சென்னையில் மறுபடியும் தம்பி. இதற்குள் எட்டு வருஷம் ஓடிவிட்டது. தடை உத்தரவு இருந்ததால் எட்டு வருஷமும் தேர் நகரவில்லை. சக்கரத்தடியில் எருக்கு முளைத்து ஆள் உயரத்துக்கு நின்றது. தேருக்குள் ஆடு கட்டினார்கள். ஒரு முழத் துணியைத் தலையில் கட்டிக்கொள்வதற்காக இரண்டு பெரிய மனிதர்கள் ஓர் ஊரின் திருவிழாவையே நிறுத்தி வைத்திருந்தார்கள். அதை யாரும் வெட்கக்கேடு என்று சொல்லவில்லை. கௌரவப் பிரச்சினை என்றார்கள்.

கடைசி அப்பீல் லண்டனில் உள்ள மேல் கோர்ட்டுக்குப் போயிற்று. காகிதமெல்லாம் அச்சாகிப் போய்விட்டது, அங்கே ஒரு வக்கீல் இருக்கிறார், கட்சிக்காரர் போய் ஆக வேண்டியது ஒன்றுமில்லை என்று எங்கள் வக்கீல் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தார். பண்ணையார் மசியவில்லை.

"வருஷப் பிறப்புக்குக் கலெக்டர் துரையை வெறுங்கையோடயா பாக்கோம்? எலுமிச்சம்பழம் குடுத்துத்தானே பாக்கோம். நம்ம மானத்துக்குத் தீர்ப்பு எழுதுத துரைய மட்டும் முகங்கூடப் பாக்காம விட்டா, நம்மளப் பத்தி என்ன நெனைப்பாரு?"

அதிகாரியைப் பார்க்கப் போகிறவர் கையில் ஒரு எலுமிச்சம்பழத்தோடு போவது எங்கள் பக்கத்து வழக்கம். அதை லஞ்சம் என்று யாரும் எண்ணுவதில்லை. கலெக்டர் வாங்கி மோந்து பார்த்துவிட்டு டவாலிச் சேவகனிடம் கொடுப்பார். சேவகன் வீட்டில் அன்றைக்கு ஊறுகாய். கொடுத்தவர் மட்டும் ஒரு மாசத்துக்குத் தலை நிமிர்ந்து நடப்பார். அதே பழத்தைக் கடல் தாண்டிக் கொண்டுபோகலாம் என்று நினைக்க எங்கள் பண்ணையாரால்தான் முடியும்.

துணைக்கு என்னை அனுப்பினார்கள். கிளம்புவதற்கு முன் வக்கீல் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "லண்டன்ல நாலு எடத்தைச் சுத்திக் காட்டிப் பைய கூட்டிட்டு வந்துரும். எந்த ஜட்ஜு வீட்டு வாசப்படியையும் மிதிக்க விட்டுராதீரும் வே. தனியாப் போயிப் பாத்தா வழக்கு கெட்டுப்போகும்" என்றார். அந்தக் கோர்ட்டில் ஒரு ஜட்ஜ் மட்டும் இதே மாதிரி வழக்குகளில் இரண்டு தடவை மூத்தவன் பக்கம் எழுதியிருக்கிறார், நமக்கு இருக்கிற நம்பிக்கையே அவர் ஒருவர்தான் என்றும் சொன்னார். நான் புரிந்தது என்று தலையாட்டினேன். நன்றாகவே புரிந்தது.

பண்ணையார் தன் தோட்டத்து எலுமிச்சம்பழம் முப்பதைப் பொறுக்கி எடுத்து, ஒரு மண்பானையில் ஆற்று மணலைப் போட்டு அதற்குள் புதைத்து, வாயைத் துணியால் கட்டிக்கொண்டார். எங்கள் பக்கத்தில் அப்படி வைத்தால் பழம் இரண்டு மாசம் கெடாது. கூட வந்த சமையல்காரர் தூத்துக்குடியில் கடலைப் பார்த்ததும் வயிற்று வலி என்று ஊருக்குத் திரும்பிவிட்டார். அவருக்கு அறிவு இருந்தது. அன்றிலிருந்து துபாஷி வேலையோடு சமையல் வேலையும் என் தலையில் விழுந்தது. கொழும்புக்கு ஒரு கப்பல், அங்கிருந்து சீமைக்கு ஒரு பெரிய கப்பல். வழி நெடுகப் பண்ணையார் வாந்தி எடுத்தார். வாந்திக்கு நடுவில் பானை பத்திரமா என்று கேட்டார்.

லண்டனில் எங்கள் வழக்கை நடத்துகிற வக்கீலின் ஆபீசில் ஒரு கிழட்டுக் குமாஸ்தா இருந்தான். என் ஜாதிக்காரன் என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. குமாஸ்தாக்கள் உலகம் முழுவதும் ஒரே ஜாதி. கோர்ட்டு விடுமுறை, இலையுதிர் காலத்தில்தான் திறக்கும் என்றான். ஜட்ஜுகள் எல்லாரும் நாட்டுப்புறத்துக்குப் போய்விட்டார்கள், ஒருவர் வடக்கே ஸ்காட்லாந்தில் ஒரு தீவில் மீன் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று சிரித்துக்கொண்டே ஊரையும் பெயரையும் சொன்னான். எங்கள் வக்கீல் சொன்ன அதே ஜட்ஜின் பெயர்.

"என்ன வே சொல்லுதான்?" என்று பண்ணையார் கேட்டார்.

இங்கே நான் பொய் சொல்லியிருக்க வேண்டும். 'கோர்ட்டு பூட்டிக் கிடக்காம், ஊருக்குப் போகச் சொல்லுதான்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் முந்தின நாள்தான் ஸ்டேஷன் கடையில் ரயில் நேர அட்டவணைப் புத்தகம் ஒன்றை வாங்கியிருந்தேன். அந்தத் தேசத்து ரயில், நீராவிப் படகு, தபால் வண்டி எல்லாம் அதில் அடக்கம். பிள்ளை பெற்றவள் மாதிரி அதை மடியில் வைத்துக்கொண்டு விடிய விடியப் பார்த்திருந்தேன். திருநெல்வேலிப் பாலம் ஸ்டேஷனில் நின்று போகிற ரயிலை எல்லாம் வேடிக்கை பார்த்து வளர்ந்தவன் நான். இன்னொருவர் செலவில் ஒரு தேசத்தையே குறுக்கும் நெடுக்கும் பார்க்கிற சந்தர்ப்பம் இனி வராது. குமாஸ்தா சொன்னதை வரி தவறாமல் மொழிபெயர்த்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகச் சுத்தமான மொழிபெயர்ப்பு அதுதான்.

மறுநாள் காலை ரயில் ஏறினோம். சீமை ரயிலைப் பற்றி இங்கே ஆகா ஓகோ என்று எழுதுகிறவர்கள் அதில் உட்கார்ந்து பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். எட்டுப் பேர் எதிரெதிரே முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். பத்து மணி நேரம் ஒருவர் வாயையும் திறக்க மாட்டார். இழவு வீட்டில்கூட எங்கள் ஊரில் இதைவிடப் பேச்சு உண்டு. ஆளுக்கு ஒரு பத்திரிகையை விரித்து முகத்தை மூடிக்கொண்டார்கள். பண்ணையார் எதிரே இருந்த அம்மாளிடம் எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், வீட்டுக்காரருக்கு என்ன உத்தியோகம் என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். அடுத்த ஸ்டேஷனில் அந்த அம்மாள் பெட்டி மாறிவிட்டாள்.

"ஊமையா வே?" என்று பண்ணையார் உண்மையான இரக்கத்தோடு கேட்டார்.

ஸ்டேஷன்களோ விளம்பரப் பலகைகளால் கட்டியவை. சோப்பு, கடுகுத் தூள், பல்பொடி எல்லாம் ஆள் உயர எழுத்தில் இருக்கும். ஊர்ப் பெயர் மட்டும் எங்காவது ஒரு விளக்குக் கண்ணாடியில் பயந்துகொண்டு ஒட்டியிருக்கும். வெளியே ஒரே பச்சை, ஒரே மாதிரி ஆடுகள், ஒரே மாதிரி வீடுகள். மேலப்பாளையத்து நெசவுக்காரர்கள் ஒரு துண்டில் போடுகிற வேறுபாடு அந்த நானூறு மைலில் கிடையாது. நாங்கள் மூட்டையிலிருந்து அவலும் வெல்லமும் எடுத்துத் தின்றோம். அப்போதுதான் விரித்த பத்திரிகைகள் எல்லாம் ஒரே சமயத்தில் ஒரு அங்குலம் இறங்கின.

கிளாஸ்கோவில் ஒரு ராத்திரி தங்க வேண்டியிருந்தது. ஸ்டேஷனிலிருந்து விடுதிக்கு டிராம் வண்டியில் போகலாம். மாடி வைத்த வண்டி. வெளியே மழை கொட்டுகிறது. கீழ்த்தட்டில் இடம் இருக்கிறது. மேல்தட்டு திறந்த வெளி. நான் கீழே நுழைந்தேன். பண்ணையார் படியிலேயே நின்றுவிட்டார்.

"மேல ஆளு உக்காந்திருக்கானா?"

"ரெண்டு பேரு இருக்காங்க, அண்ணாச்சி. கூலிக்காரனுவ மாதிரி இருக்கு."

"அவன் காலு என் தலைக்கு மேல இருக்கும். நான் கீழ உக்காரணுமோ?"

ஆகவே மேல்தட்டுக்கு ஏறினோம். பரிவட்டத்துக்காக எட்டு வருஷம் வழக்காடுகிற தலை அல்லவா. அந்தக் குளிர் மழையில் முக்கால் மணி நேரம், மடியில் மண்பானையும் மேலே ஒரு கிழிந்த குடையுமாக உட்கார்ந்திருந்தோம். அந்த இரண்டு கூலிக்காரர்களும் எங்களைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டார்கள். இப்போது இறங்கலாமே என்றேன். மரியாதையான இடத்திலிருந்து யாராவது இறங்குவார்களா என்று கேட்டார்.

விடுதியில் பானையைத் திறந்தார். முப்பது பழமும் ஜாதிக்காய் மாதிரி சுருங்கிக் கருத்துக் கிடந்தன. ஆற்று மணல் செங்கடல் வெயிலில் என்ன செய்யும்? பண்ணையார் ஒவ்வொன்றாக எடுத்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஒன்றில் மட்டும் ஒரு பக்கம் கொஞ்சம் மஞ்சள் மீதி இருந்தது. நான் கடைக்குப் போய்ப் பெரிதாக ஒரு எலுமிச்சை வாங்கி வந்தேன். வாத்து முட்டை மாதிரி நீளமாக, முனை கூம்பி இருந்தது.

"இதைக் குடுத்தா, கடைல வாங்கினதுன்னு தெரிஞ்சு போகும். நம்ம மரத்துப் பழந்தான் மரியாதை" என்று சொல்லி அந்த ஒரு பழத்தைத் துண்டில் முடிந்துகொண்டார்.

மறுநாள் மலைகளுக்கு நடுவே இன்னொரு ரயில். பிறகு கடற்கரை ஊர் ஒன்றில் நீராவிப் படகு. படகில் மனிதர்களோடு ஆடுகளும் ஏறின. ஆடுகள்தான் கொஞ்சம் பேசின. தீவின் துறையை அடைந்தபோது படகிலிருந்து வடக்கயிற்றை வீசினார்கள். கரையில் நின்ற ஒரு மீன்காரி, கூடையை இடுப்பில் வைத்தபடியே, ஒரு கையால் அதைப் பிடித்துக் கட்டையில் மாட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனாள். பண்ணையார் திகைத்துப் போனார்.

"வடத்தை மொதல்ல யாரு பிடிக்கணும்னு இங்கன ஒரு முறையும் கெடையாதா வே?"

"கெடையாது, அண்ணாச்சி. பக்கத்துல நிக்கவுக பிடிப்பாங்க."

"என்ன ஊரு இது" என்றார். எட்டு வருஷம் நகராத தேரை எங்கள் ஊரில் விட்டு வந்தவர் அதைச் சொன்னார்.

துறையிலிருந்து தபால் வண்டி. ஏற்றம் வந்தால் பிரயாணிகள் இறங்கி நடக்க வேண்டும் என்பது அந்த வண்டியின் சட்டம். குதிரைக்குக் காட்டுகிற மரியாதையை அந்தத் தேசத்தில் மனிதனுக்குக் காட்டி நான் பார்க்கவில்லை. பண்ணையார் சேற்றில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினார். மூச்சு வாங்கியது. ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அப்போது எனக்கு உள்ளே ஏதோ உறுத்தியது. தனியாகப் பார்த்தால் வழக்கு கெடும் என்று இப்போதாவது சொல்லித் திரும்பிவிடலாம் என்று தோன்றியது. ஆனால் திரும்பும்போது இன்னும் பார்க்காத வேறு படகு, வேறு பாதை இருக்கிறதா என்று அட்டவணையைப் புரட்டிக்கொண்டே நடந்தேன்.

ஜட்ஜ் கடலோரத்தில் ஒரு கல் வீட்டில் இருந்தார். நல்ல உயரம், நனைந்த கம்பளிக் கால்சட்டை, ரொம்பவும் மரியாதையான மனிதர். இரண்டு கறுப்பு மனிதர்கள் மழையில் வந்து நின்றதும் யார் என்று கேட்பதற்கு முன் கணப்புப் பக்கத்தில் நாற்காலி போடச் சொன்னார். எந்தெந்த ரயிலில் எப்படி வந்தோம் என்று கேட்டார். சொன்னேன். ஒரு இடத்தில் வண்டி மாறாமலே வந்திருக்கலாமே என்று எனக்கே சொல்லிக் கொடுத்தார். பண்ணையார் துண்டின் முடிச்சை அவிழ்த்து, எழுந்து நின்று, இரண்டு கையாலும் பழத்தை நீட்டினார். ஜட்ஜும் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். மோந்து பார்த்தார். அதில் வாசனை ஒன்றும் இருந்திருக்காது. இருந்தாலும் புன்னகையோடு சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பிறகு பண்ணையார் தன் பெயரையும் ஊரையும் கோயிலையும் சொன்னார். நான் மொழிபெயர்க்க வேண்டியதாகவே இல்லை. அச்சடித்த காகிதத்தில் அந்தப் பெயர்களை அவர் பார்த்திருக்கிறார். முகம் மாறிவிட்டது. கையை உயர்த்திப் பேச்சை நிறுத்தி, என்னைப் பார்த்து நிதானமாகச் சொன்னார். 'இதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். இனிமேல் இந்த வழக்கைக் கேட்க நான் உட்கார முடியாது. நீங்கள் வந்ததை இரு பக்கத்து வக்கீல்களுக்கும் எழுதியாக வேண்டும். இவர் தெரியாமல் வந்திருக்கிறார் என்று நினைக்கிறேன், வருந்துகிறேன்.' சொல்லிவிட்டுப் பையிலிருந்து பழத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"என்ன வே சொல்லுதாரு? பழத்தை ஏன் கீழ வச்சிட்டாரு?"

பண்ணையாரின் வேட்டி முழங்கால் வரை சேறு. கண்ணில் அப்படி ஓர் ஆசை. எனக்குப் பயம் வந்தது. அவருக்காக அல்ல, எனக்காக.

"சந்தோசப்படுதாரு, அண்ணாச்சி. எல்லாம் கவனிச்சுக்கிடுதேங்காரு. பழம் கண்ணு முன்னால இருக்கட்டும்னு மேசைல வச்சிருக்காரு."

இவருக்கு விளங்கும்படி சொல்லிவிட்டாயா என்று ஜட்ஜ் கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன். பண்ணையார் கண்ணில் நீர் தளும்ப அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். அந்த மனிதரும் பதிலுக்குத் தலை தாழ்த்தினார். அவர் என்ன நினைத்தாரோ.

திரும்பி வருகிற வழியெல்லாம் பண்ணையாருக்குத் தரையில் கால் பாவவில்லை. படகில் ஆட்டுக்காரர்களுக்கு மூட்டையிலிருந்த வெல்லம் கொடுத்தார். கிளாஸ்கோ டிராமில், மழை இல்லாத நாளில், தானாகவே கீழ்த்தட்டில் போய் உட்கார்ந்தார். "மேல யாரு இருந்தா என்ன வே" என்றார். என்னால் ஜன்னலைத்தான் பார்க்க முடிந்தது. சீமையின் பச்சை எல்லாம் கண்ணுக்கு வெறுப்பாக இருந்தது.

ஊருக்கு வந்து ஆற்றில் முழுகிப் பிராயச்சித்தம் செய்தோம். மறுநாளே பண்ணையார் தேர்த் தச்சர்களை வரவழைத்தார். எருக்கை வெட்டி, ஆட்டை விரட்டி, அச்சை மாற்றி, சக்கரத்துக்குப் புது இரும்புப் பட்டை போட்டார். வடம் புதிதாகத் திரித்து வந்தது. துரை வாக்குக் கொடுத்துவிட்டார் என்று ஊர் முழுக்கச் சொன்னார். லண்டன் கடிதம் வக்கீலுக்கு வந்த அன்று அவர் கதவைச் சாத்திவிட்டு என்னைக் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். கடிதத்தை மடித்து மேஜைக்குள் வைத்துப் பூட்டினார்.

"அவருக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா உசுரு தரிக்க மாட்டாரு. நீரு நாளையிலேருந்து வேற எடம் பாத்துக்கிடும்" என்றார். பண்ணையாரின் உயிரைப் பற்றித்தான் அவருக்குக் கவலை என்று நான் நம்பவில்லை. நல்ல கட்சிக்காரரை யார் இழப்பார்கள்? ஆனாலும் அவரைப் பழிக்க எனக்கு வாய் கிடையாது.

அப்பீல் தள்ளுபடி என்று அடுத்த வருஷம் தந்தி வந்தது. தேர் ஓடியது. அண்ணன் பழுது பார்த்த தேரை, அண்ணன் திரித்த வடத்தை, தம்பி முதலில் தொட்டார். கூட்டத்தில் நின்று பார்த்தேன். நாலு வீதியும் சுற்றித் தேர் நிலைக்கு வந்தபின் பண்ணையார் வீட்டுக்குப் போனேன். தெருப்பக்கத்து ஜன்னல்களைச் சாத்திவிட்டு உள்ளறையில் உட்கார்ந்திருந்தார். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் தீர்மானம் பண்ணிக்கொண்டு வந்திருந்தேன். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"நீரு மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதீரும். நீரு பட்ட பாடு எனக்குத் தெரியும்லா. அந்தத் துரையும் நல்ல மனுசன்தான். குத்தம் என்மேல. வாடின பழத்தைக் கொண்டுபோய்க் குடுத்தேன். மோந்து பாத்தாரே, அப்பமே எனக்குத் திக்குன்னு இருந்துச்சு."

நான் வாயைத் திறந்தேன்.

"ஆமா, அண்ணாச்சி. பழம் வாடித்தான் போச்சு" என்றேன்.